சோம்பேறிக்குக் கொடுத்த மாத்திரை

எங்கள் தோட்டத்து டாக்டரையாவுக்கு இரண்டே வியாதிகள்தான் தெரியும். ஒன்று காய்ச்சல், மற்றது சோம்பல். காய்ச்சலுக்குச் சிவப்பாக ஒரு தண்ணீர் மருந்து கொடுப்பார். சோம்பலுக்கு ஏச்சு கொடுப்பார். தலவாக்கலைக்கு மேலே, பகலிலும் பனிமூட்டம் விலகாத அந்தத் தோட்டத்தில் அவரைவிட்டால் வேறு வைத்தியர் இல்லை. உண்மையில் அவரும் டாக்டர் இல்லை, மருந்து கலக்கப் படித்தவர். ஆனால் கோட்டு போட்டிருந்தார், ஆங்கிலம் பேசினார், துரை பங்களாவுக்கு முன்வாசல் வழியாகப் போய்வந்தார். அது போதுமானதாக இருந்தது. எங்களில் யாருக்கு என்ன வந்தாலும் அவருடைய இரண்டு வியாதிகளில் ஒன்றுக்குள் அடங்கியாக வேண்டும். எனக்கு உடம்பு சுடவில்லை. ஆகவே நான் சோம்பேறி.

இது ஐம்பதுகளின் பின்பாதியில் நடந்தது. எனக்கு அப்போது இருபதைத் தாண்டிய வயது. கல்யாணமாகி, லயம் என்கிற வரிசைக் குடியிருப்பில், மாமியாரோடு ஒரே காம்பரா அறையில் குடித்தனம். புருஷன் மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். நல்ல மனிதர்தான், ஆனால் கையில் கவ்வாத்துக் கத்தி இருக்கும்போது மட்டுமே எதை வெட்டுவது, எதை விடுவது என்று தீர்மானிக்கத் தெரிந்தவர். வீட்டுக்குள் வந்துவிட்டால் அந்த வேலையை அவருடைய அம்மா பார்த்துக்கொண்டார்.

மகள் பிறக்கும்வரை நான் எல்லாரையும்போலக் கொழுந்து எடுத்தவள்தான். பெரிய கெட்டிக்காரி என்று யாரும் சொன்னதில்லை, மட்டம் என்றும் சொன்னதில்லை. மகள் பிறந்த பிறகு என்னவோ ஆகிவிட்டது. ஒரேயடியாக ஆகவில்லை. மண்ணெண்ணெய் தீர்ந்துகொண்டு வருகிற விளக்கு எப்படி யாரும் கவனிக்காமல் மங்குமோ, அப்படி ஆனது. முதலில் குளிர். எங்கள் மலையில் எல்லாருக்கும் குளிரும், ஆனால் எனக்கு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோதும் எலும்புக்குள் குளிர்ந்தது. பிறகு தூக்கம். தேயிலைச் செடியைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்கியிருக்கிறேன். தோல் முருங்கைப்பட்டைபோலக் காய்ந்து வெடித்தது. புருவத்தின் கடைசிப் பாதி உதிர்ந்துபோனது. நாக்கு தடித்து, வாய்க்குள் வேறு யாருடையதோபோலக் கிடந்தது. குரல் கட்டி, ஆம்பிளைக் குரலாகிவிட்டது.

சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் முகமும் கையும் உப்பிக்கொண்டே வந்தன. அதுதான் என் மாமியாருக்கு வசதியாகப் போயிற்று.

"திங்கிறதெல்லாம் எங்க போவுது? மொகத்துல தெரியுதே. வேலைக்கு மட்டும் ஒடம்பு வளையல," என்று லயத்துக்கே கேட்கும்படி சொல்வார். நான் ஒளித்து ஒளித்துத் தின்கிறேன் என்று முடிவுகட்டி, ரொட்டி மாவை மூட்டையோடு தூக்கித் தன் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். தின்னாமலே கொழுக்கிற மருமகளைக் காவல் காக்க அந்த அம்மாள் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அப்போது சிரிக்கக்கூட முகத் தசை வேகமாக அசையவில்லை.

மலையில் கங்காணி. கங்காணியின் வேலை, வேலை செய்கிறவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்பது. அதை அவர் களைப்பே இல்லாமல் செய்துவந்தார்.

"ஏய், தூங்கவா மலைக்கு வந்த? மத்தவளுக தங்களோட செடி நெறையை முடிச்சிட்டு அடுத்த நெறைக்குப் போயிட்டாளுக. நீ இன்னும் நாலு செடியக் கட்டிப் புடிச்சிக்கிட்டு நிக்கிற!"

கொழுந்து குறைந்தால் அரைப்பேர்தான் விழும். அதாவது நாள் முழுக்க நின்றாலும் அரைநாள் வேலை செய்ததாகத்தான் கணக்கு. எனக்குத் தொடர்ந்து அரைப்பேர் விழ ஆரம்பித்ததும் மாமியார் கோயில் பூசாரியைக் கூட்டிவந்தார். பூசாரி என் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார், வேப்பிலையால் முகத்தில் அடித்தார், கல்யாணமாகாமல் செத்த ஒரு பெண் என்மேல் இறங்கியிருக்கிறாள் என்றார். அவள் போவதற்கு ஒரு சிவப்புச் சேவல் கேட்டாளாம். சேவல் வந்தது, கழுத்து அறுபட்டது, பூசாரி வீட்டுக்குக் கறியாகப் போனது. என்மேல் இருந்தவளுக்கு ஒரு கால்கூடக் கிடைக்கவில்லை. அவள் போகவும் இல்லை.

கடைசியில் நானே மருந்துக் காம்பராவுக்குப் போனேன். டாக்டரையா யாழ்ப்பாணத்துக்காரர். கணப்பு அடுப்புக்குப் பக்கத்தில் கம்பளிக் கோட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"என்ன பிள்ளை, உனக்கு என்ன வருத்தம்?"

"குளிருதுங்க ஐயா."

"இது குளிர் பிரதேசம். எனக்கும்தான் குளிருது. வேற?"

"எந்நேரமும் தூக்கமா வருதுங்க. கொரலும் மாறிருச்சுங்க."

"குரல் மாறினால் என்ன? நீ என்ன பாட்டுக் கச்சேரியோ வைக்கப்போறாய்?" வரிசையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அவருக்கு அது பிடித்திருந்தது. "உனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பஞ்சி. வேலை செய்யப் பஞ்சி. போய் வெயில்ல நிண்டு வேலையைப் பார், எல்லாம் சரிவரும்."

வருத்தம் என்றால் அவர்கள் ஊரில் வியாதி, அது தெரியும். பஞ்சி என்றால் சோம்பல். எனக்கு அன்று ஒரு புதுச் சொல் கிடைத்தது, மருந்து கிடைக்கவில்லை. வெயிலில் நிற்கச் சொன்னாரே, அந்த வெயில் எங்கள் மலையில் எங்கே இருக்கிறது என்றாவது கேட்டிருக்கலாம். கேட்பதற்குள் எனக்குத் தூக்கம் வந்துவிட்டது.

தீபாவளிக்கு என் தம்பி வந்தான். ஹட்டனில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தவன். நான் காம்பராவுக்குள் படுத்திருந்தேன். வாசலில் நின்று "அக்கா!" என்று கூப்பிட்டான். "வாடா" என்றேன். அவன் உள்ளே வராமல் வெளியே நின்ற என் புருஷனிடம் கேட்டது என் காதில் விழுந்தது:

"மச்சான், உள்ள பேசுறது யாரு ஆம்பள?"

"ஒங்க அக்காதான்."

உள்ளே வந்து வெளிச்சத்துக்காகக் கதவை அகலத் திறந்து என்னைப் பார்த்தான். கையிலிருந்த பலகாரப் பொட்டலத்தைக் கீழே வைத்தான்.

"அக்கா, இது ஒன் மொகமே இல்லயே."

"நல்லாத் தின்னா மொகம் உப்பத்தானே செய்யும்," என்றார் மாமியார்.

"தின்னா எங்க அக்காவுக்கு மீசக் கொரலு வருமா அத்தை? நாளைக்கே கண்டிக்குக் கூட்டிட்டுப் போறேன். மச்சான், நீங்க வாறீங்களா, இல்ல நானே போகட்டுமா?"

என் புருஷன் தன் அம்மாவைப் பார்த்தார். தம்பி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மறுநாள் அவன்தான் என்னை ரயிலில் கூட்டிக்கொண்டு போனான்.

கண்டியில் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்தது ஒரு சிங்கள டாக்டரம்மா. அரிசியில் கல் பொறுக்குகிறமாதிரி ஒவ்வொரு சொல்லாகத் தேடியெடுத்துத் தமிழ் பேசினார். என்னை நாற்காலியில் முழங்காலிட்டு நிற்கவைத்து, குதிகாலுக்கு மேலே ரப்பர் சுத்தியலால் தட்டினார். பாதம் துடித்துவிட்டு, மெல்ல மெல்லப் பழைய இடத்துக்குத் திரும்பியது. அதைப் பார்த்து அவருக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை நான் மறக்கவே மாட்டேன். உடனே பயிற்சிக்கு வந்திருந்த இளம் டாக்டர் பிள்ளைகளை எல்லாம் கூப்பிட்டார். ஒவ்வொருவராக வந்து என் குதிகாலைத் தட்டினார்கள். பிறகு என்னை ஏதாவது பேசச் சொன்னார்கள். "என்னத்தப் பேச?" என்றேன். அந்தக் குரலைக் கேட்டு எல்லாரும் தலையாட்டினார்கள். என் பெயரை யாரும் கேட்கவில்லை. படித்தவர்கள் கூடி என்னை அவ்வளவு ஆர்வமாகப் பார்த்தது வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான், அதுவும் குதிகாலை.

ஆனாலும் அந்த அம்மா விஷயத்தைச் சொன்னார். தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினார்.

"இங்க ஒரு சுரப்பி இருக்கு. ஒடம்புக்கு வேகம் குடுக்கிறது அதுதான். உங்களுக்கு அது வேலை செய்யிறது இல்ல."

ஆக, என் உடம்புக்குள் உண்மையாகவே ஒரு சோம்பேறி இருந்தது. இத்தனை பேர் இத்தனை நாள் ஏசியும் அதன் காதில் விழவில்லை, என் காதில்தான் விழுந்தது.

"மாத்திரை தாறேன். தினமும் காலையில. ஆயுசு முழுக்க. நிப்பாட்டக் கூடாது. கூடக் கூடாது, கொறையக் கூடாது. நெஞ்சு படபடன்னு அடிச்சா, கை நடுங்கினா, ஒடனே வரணும். வெளங்குதா?"

விளங்கியது. டாக்டரையாவுக்கு ஒரு கடிதமும் கொடுத்தார். அதைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தேன். டாக்டரையா படித்தார், கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி படித்தார்.

"ம். நானும் இதைத்தான் யோசிச்சனான்," என்றார்.

கண்டியிலிருந்து மாத்திரைகள் வந்து சேர்ந்தன. மருந்துக் காம்பராவிலேயே போத்தல் இருந்தது. வாரத்துக்கு வேண்டியதைக் காகிதத்தில் மடித்துத் தருவார். மங்கிய பழுப்பு நிறம். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனால் பழைய கருவாட்டுக்கும் காய்ந்த ஈரலுக்கும் நடுவில் ஒரு வாடை. இது எதில் செய்ததுங்க என்று கேட்டுவிட்டேன். அவர் சும்மா இருந்திருக்கலாம். அறிவைக் காட்டக் கிடைத்த சந்தர்ப்பத்தை விடுகிற ஆள் இல்லை. வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "மாட்டின்ரை கழுத்துச் சுரப்பியைக் காயவைச்சு இடிச்சுச் செய்யிறது," என்றார்.

நான் லயத்துக்கு வந்து சேருவதற்கு முன்னால் மாடு வந்து சேர்ந்திருந்தது.

"என் அடுப்பத் தொடாத!" மாமியார் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "மாட்டத் தின்னுபுட்டு எங்கூட்டுப் பானையில கை வச்ச, நடக்கிறது வேற!"

"மருந்துதானே அத்தை."

"மருந்தா இருந்தா என்ன, மாடு மாடுதான். ஒன் கையால பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்."

குடிக்க வேண்டாம் என்றேன். அதன் விளைவாகச் சமையல், பாத்திரம், தண்ணீர் எடுப்பது எல்லாம் அவர் தலையில் விழுந்தது. நான் வேலையிலிருந்து வந்து உட்கார்ந்திருப்பேன், அவர் ரொட்டி தட்டிக் கையில் படாமல் தூக்கிப் போடுவார். கல்யாணமான நாளிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் ஓய்வு அந்த மாட்டால் கிடைத்தது.

முதல் சில வாரங்கள் ஒன்றும் நடக்கவில்லை. "மாடு தின்னும் சொரணை வரல," என்றார் மாமியார். பிறகு நடந்ததெல்லாம் கெடுதலாகத் தோன்றியது. உள்ளே தேங்கியிருந்த நீரெல்லாம் இறங்குவதுபோல ஓயாமல் ஒன்றுக்கு வந்தது. தோல் உரிந்தது. மூட்டெல்லாம் வலித்தது. இருந்த முடியும் கொத்துக் கொத்தாகச் சீப்போடு வந்தது. பக்கத்துக் காம்பராக்காரி பார்த்துவிட்டு, "இத நிப்பாட்டிடு புள்ள, இருக்கிறதையும் கொண்டு போயிரும்போல," என்றாள். அவள் சொன்னதை நான் கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம் நம்பிக்கையோ தைரியமோ இல்லை. மறுபடி அந்தச் சேவல் பூசாரியிடம் போகப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒருநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் காத்து நிற்கும்போது, குளிரவில்லை என்பதைக் கவனித்தேன். அதாவது மற்றவர்களுக்கு எவ்வளவு குளிருமோ அவ்வளவுதான் குளிர்ந்தது. அன்றைக்குச் சாயந்தரம், வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விடுகிற பிள்ளைக்காம்பராவிலிருந்து மகளைக் கூட்டிவரப் போனேன். கூப்பிட்டேன். இத்தனை நாளும் என் குரலைக் கேட்டால் ஆயாவின் சேலைக்குப் பின்னால் ஒளிகிற பிள்ளை, திரும்பிப் பார்த்தது. வந்தது. தூக்கிக்கொண்டு வழியெல்லாம் அதன் பெயரையே சொல்லிக்கொண்டு வந்தேன். என் குரலை நானே கேட்கிறதற்காக.

முகம் வடிந்தது. முழுப்பேர் விழ ஆரம்பித்தது. சம்பள நாளுக்குப் பிறகு மாமியாரின் பேச்சில் மாடு ஆடாக மாறியது. அடுத்த சம்பளத்துக்கு ஆடும் போய், "ஏதோ வேராம், எலையாம், இங்கிலீசு மருந்து," என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டார். அடுப்பு மறுபடி என் கைக்கு வந்தது.

அதோடு விட்டிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது.

என்னைக் குணப்படுத்தியது தானே என்று டாக்டரையா நம்ப ஆரம்பித்தார். துரை மருந்துக் காம்பராவைப் பார்க்க வந்தால் என்னைக் கூப்பிட்டு அனுப்புவார். நான் கைகட்டி நிற்க, ஆங்கிலத்தில் என்னைப் பற்றி நீளமாகப் பேசுவார். துரை தன் நாயைத் தடவிக்கொண்டே தலையாட்டுவார். ஒரு தடவை நான் வாய் தவறி, மத்தியானத்தில் கொஞ்சம் அசதியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். கொழுந்து எடுக்கிற யாருக்குத்தான் மத்தியானத்தில் அசதி இல்லை? ஆனால் அவருடைய கேஸுக்கு அசதி இருக்கலாமா?

"அப்ப கூட்டித் தாறன்," என்றார்.

"கூடக் கூடாதுன்னு கண்டியில சொன்னாங்க ஐயா."

"அவை கண்டியில இருந்து சொல்லுவினம். தினமும் உன்னைப் பாக்கிறது நானா, அவையா?"

கூட்டினார். அசதி போய்விட்டது. அதைப் பார்த்து மகிழ்ந்து, கொஞ்ச காலத்தில் இன்னொரு தடவையும் கூட்டினார்.

அந்தக் கொழுந்துக் காலத்தில் நான் எடுத்த கொழுந்தை அந்த மலை அதற்கு முன்னால் கண்டதில்லை. மற்றவர்கள் ஒரு நெறையை முடிப்பதற்குள் நான் அடுத்ததில் பாதியில் இருப்பேன். கை ஓயாமல் நடுங்கியது. நடுங்குகிற கைக்கு வேகம் என்று பெயர் வைத்தார்கள். மழையும் காற்றும் அடிக்கிற மலையில் கம்பளியை எறிந்துவிட்டு வேர்த்து விறுவிறுக்க நின்றேன். அதற்குச் சுறுசுறுப்பு என்று பெயர். பானைச் சோற்றைத் தின்றேன், சேலை இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிந்தேன். அப்போது யாரும் ரொட்டி மாவை ஒளித்துவைக்கவில்லை. மாறாக மாமியார் எனக்கென்று தனியாகக் கருவாடு சுட்டுவைத்தார். "எம் மருமக மாதிரி இந்தத் தோட்டத்துல ஒருத்தி இருக்காளா?" என்று அதே லயத்துக்கு, அதே குரலில் சொன்னார்.

வயிறு ஓயாமல் கழிந்தது. தூக்கம் போய்விட்டது. வாயைத் திறந்தால் சண்டை. பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனால் குடம் நிறைவதற்குள் யாரையாவது ஏசியிருப்பேன். நெஞ்சு எந்நேரமும் தப்படித்துக்கொண்டிருந்தது. சும்மா உட்கார்ந்திருந்தாலும், மேட்டில் ஓடி ஏறியவள்போல.

உடனே வரச் சொன்ன கண்டி ரயில் தூரத்தில் இருந்தது, மருந்துக் காம்பரா பக்கத்தில் இருந்தது. அங்கே போய்ச் சொன்னேன்.

"நெஞ்சு படபடங்குதுங்க ஐயா."

"வேலை செய்தால் நெஞ்சு அடிக்கத்தான் செய்யும் பிள்ளை. முந்தி நீ வேலை செய்யேல்லை, அதாலை தெரியேல்லை."

அவருடைய வைத்தியத்தில் ஒரு பெண்ணின் உடம்புக்கு இரண்டே நிலைமைகள். கொழுந்து குறைந்தால் வியாதி, கூடினால் சுகம்.

கங்காணி என்னை மற்றவர்களுக்குக் காட்டி ஏச ஆரம்பித்தார். "அவளப் பாருங்கடி! சாகக் கெடந்தவ எடுக்கிறா, ஒங்களுக்கு என்ன கேடு?" என் பக்கத்து நெறைக்காரிகள் என்னோடு பேச்சை நிறுத்தினார்கள். பீலியில் ஒருநாள் பக்கத்துக் காம்பராக்காரி முகத்துக்கு நேரே கேட்டாள்.

"ஒன்னாலதாண்டி நாங்க எல்லாம் ஏச்சு வாங்குறோம். ஒனக்கு மட்டும் ரெண்டு கையா, இல்ல நாலா?"

அவளை நான் என்னென்ன சொன்னேன் என்று எழுத முடியாது. சொல்லி முடிக்கும்போது என் கை நடுங்கிக் குடம் விழுந்து நெளிந்தது. அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

இதில் உச்சம் ஒன்று இருக்கிறது. நான் மருந்துக்காக வெளியே காத்திருக்கும்போது கங்காணி உள்ளே டாக்டரையாவிடம் பேசியதை என் காதால் கேட்டேன்.

"அந்த மாத்திரைய இன்னும் கொஞ்சப் பேருக்குக் குடுத்துப் பாத்தா என்னங்கய்யா? நம்ம மலையில மந்தமான ஆளுக நெறைய இருக்காளுக."

நியாயமான டாக்டராக இருந்தால் அந்த இடத்தில் கத்தியிருக்க வேண்டும். எங்கள் டாக்டரையா மாத்திரைப் போத்தலைக் குலுக்கிப் பார்க்கிற சத்தம் கேட்டது. குலுக்கிவிட்டு, "அவ்வளவு பேருக்கு ஸ்டொக் காணாது," என்றார்.

கொழுந்துக் காலம் முடிகிற சமயத்தில், அதிகம் எடுத்த ஆளுக்குத் துரை பரிசு கொடுக்கப்போகிறார் என்றார்கள். யாருக்கு என்று கேட்க வேண்டியதில்லை. பெரட்டுக் களத்தில் எல்லாரையும் நிற்கவைத்தார்கள். மேசைமேல் ஒரு புதுக் கம்பளி இருந்தது. துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி, டாக்டரையா எல்லாரும் வரிசையாக நின்றார்கள். என் புருஷன் வெள்ளை வேட்டி கட்டி வந்திருந்தார். மாமியார் முன்வரிசையில்.

என்னைக் கூப்பிட்டார்கள். நடந்தேன். நெஞ்சு முதலில் ஓடியது, பிறகு தாளம் தப்பித் துள்ளியது, பிறகு கூண்டுக்குள் மாட்டிய கோழிபோலச் சிறகடித்தது. துரை கம்பளியை நீட்டியது தெரிந்தது. அதற்கப்புறம் தெரிந்தது, முகத்துக்கு மிக அருகில் களத்துச் சரளைக்கல்.

யாரோ தண்ணீர் தெளித்தார்கள். தலைக்கு மேலே டாக்டரையாவின் குரல் துரைக்கு ஆங்கிலத்திலும் மற்றவர்களுக்குத் தமிழிலும் விளக்கிக்கொண்டிருந்தது.

"ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை. சந்தோஷத்திலை வந்த மயக்கம்."

சந்தோஷமாம்.

என்னை மடியில் தூக்கிப் போட்டுக்கொண்டது பக்கத்துக் காம்பராக்காரிதான். என் நெஞ்சில் கைவைத்துப் பார்த்தவள் துரையையும் பார்க்கவில்லை, டாக்டரையாவையும் பார்க்கவில்லை. என் புருஷனைப் பார்த்துக் கத்தினாள். "அண்ணே, பொண்டாட்டி வேணுமா வேணாமா? நெஞ்சு தெறிக்குது இங்க! லொறியக் கேளுங்க!"

என் புருஷன் அந்த ஒரு தடவை அம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. நேராகத் துரைக்கு முன்னால் போய் நின்று லொறி கேட்டார். இதை அவருக்காக எழுதிவைக்கிறேன். எழுதிவைக்க வேறு அதிகம் இல்லை.

கண்டியில் அதே டாக்டரம்மா. இந்தத் தடவை பிள்ளைகள் யாரையும் கூப்பிடவில்லை. என் கையை நீட்டச் சொல்லி, நடுக்கத்தைப் பார்த்து, நாடியைப் பிடித்துக்கொண்டே கேட்டார்.

"எத்தன மாத்திரை சாப்பிடுறது?"

சொன்னேன்.

"யார் கூட்டினது?"

அதையும் சொன்னேன். அந்த அம்மா சிங்களத்தில் ஏதோ சொன்னார். எனக்கு அவ்வளவாகச் சிங்களம் வராது, ஆனால் அது எந்த மாதிரிச் சொல் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அன்றைக்குத்தான் அவரை எனக்கு முழுதாகப் பிடித்தது.

மாத்திரையை நிறுத்தி, வார்டில் படுக்கவைத்து, நெஞ்சு அடங்கிய பிறகு மறுபடி கொஞ்சமாக ஆரம்பித்தார்கள். கிளம்பும்போது அந்த அம்மா சொன்னார். "இன்னும் கொஞ்ச நாள் இப்படிப் போனா நெஞ்சு நின்னிருக்கும். நீங்க செத்திருப்பீங்க. இனிமே நான் சொன்னது மட்டும். வேற யார் சொன்னாலும் கேக்க வேணாம். பெரிய ஆள் சொன்னாலும்."

தோட்டத்துக்கு வந்து டாக்டரையாவிடம் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது.

"பெரியாஸ்பத்திரிக்காரருக்குத் தோட்டத்துச் சனத்தைப் பற்றி என்ன தெரியும்? நீ எனக்குப் படிப்பிக்க வந்திட்டியோ?"

வழக்கம்போலக் காகிதத்தை மடித்து நீட்டினார். அதை அவர் மேசையிலேயே பிரித்தேன். எனக்கு வேண்டியதை எடுத்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டேன். மிச்சத்தை அவருக்கு முன்னால் தள்ளிவைத்தேன். "இத நீங்களே வச்சிக்கங்க ஐயா. மத்தியானத்துல அசதியா இருந்தா ஒதவும்," என்றேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். இந்தத் தடவை அவருக்கு அது பிடிக்கவில்லை.

கை நடுக்கம் நின்றது. உடம்பு தேறியது. கோபம் வருகிற இடத்தில் மட்டும் வந்தது. கொழுந்து, எல்லாரையும்போல.

அதுதான் யாருக்கும் பொறுக்கவில்லை. மாமியார் கருவாட்டை நிறுத்தினார். கங்காணி தராசுக்குப் பக்கத்தில் நின்று என் கூடையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"பழைய சோம்பல் திரும்பிருச்சு போல. மாத்திரை திங்கிறியா இல்லையா?"

"திங்கிறேன் கங்காணி. எனக்குச் சொகமாயிருச்சு. சொகமா இருக்கிற பொம்பள இவ்வளவுதான் எடுப்பா. இதுக்கு மேல வேணும்னா நீங்க ஒரு கூடை கட்டிக்கிட்டு வாங்க."

பின்னால் கூடையோடு நின்றவர்களில் ஒருத்தி சிரித்தாள், அது வரிசை முழுக்கப் பரவியது. பக்கத்துக் காம்பராக்காரி என் தோளில் இடித்துக்கொண்டு நின்றாள். பீலியில் நான் ஏசியதற்கெல்லாம் அவள் விளக்கம் கேட்டதும் இல்லை, நான் சொன்னதும் இல்லை. அடுத்த நாளிலிருந்து மறுபடி பக்கத்துப் பக்கத்து நெறையில் நின்று எடுத்தோம்.

அறுபதுகளின் நடுவில் டாக்டரையா ஓய்வுபெற்று ஊருக்குப் போனார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பிரியாவிடை வைத்தார்கள். மாலை போட்டார்கள். அவர் எழுந்து பேசினார். தன் சேவையைப் பற்றிப் பேசும்போது இதையும் சொன்னார்.

"இந்தத் தோட்டத்திலை சாகக் கிடந்த ஒரு பிள்ளை. எல்லாரும் கைவிட்ட பிள்ளை. நான்தான் வருத்தத்தைக் கண்டுபிடிச்சு எழுப்பி நடக்கவைச்சனான். அந்தப் பிள்ளை இப்பவும் இஞ்சை இருக்கு."

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள். என் மாமியார் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார். மனிதர் பொய் சொல்லவில்லை. பல வருஷங்களாகச் சொல்லிச் சொல்லி அதை அவரே நம்பிவிட்டிருந்தார். அவருடைய கண்ணில் உண்மையாகவே நீர் நின்றது. அதைப் பார்க்கத்தான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

"எந்திரிச்சு ஒரு கும்பிடாவது போடேன்," என்று என் புருஷன் காதோடு சொன்னார்.

"கால் வலிக்குது," என்றேன்.

கேக்கும் தேத்தண்ணியும் கொடுத்தார்கள். மகளுக்கு என் கேக்கையும் கொடுத்துவிட்டு, தேத்தண்ணியைக் குடித்து முடித்து, கூட்டம் கலைவதற்கு முன்னால் அவளைக் கூட்டிக்கொண்டு லயத்துக்கு இறங்கினேன். மழை வருகிறமாதிரி இருந்தது, வெளியே காயப்போட்ட விறகை எடுத்து உள்ளே வைக்க வேண்டியிருந்தது.